குடியாத்தத்தில் இருந்தே ஆப் கம்பெனி நடத்த முடியுமா? வழிகாட்ட ஆள் எங்கே கிடைப்பார்கள்?

குடியாத்தம்காரி எழுதியது:

வணக்கம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் மென்பொருள், ஆப், இணைய வியாபாரம் என்று சிறிய அளவில் ஏதாவது நடத்திக்கொண்டிருப்பவர்கள் இருந்தால் தயவுசெய்து பதில் சொல்லுங்கள். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம். அப்பா குழித்தறியில் லுங்கி நெய்தவர். நான் பெங்களூரில் ஆறு வருடம் மென்பொருள் டெஸ்டிங் வேலை பார்த்தேன். முட்டி வலியால் அப்பாவால் தறியில் இறங்கி உட்கார முடியாமல் போனதும் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். இரண்டு வருடம் ஆகிறது.

பேர்ணாம்பட்டில் என் அத்தை வீட்டிலேயே ஷூ அப்பர் தைக்கிறார். ஆம்பூர்ப் பக்கத்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஷூவின் மேல்பாகத்தை அப்பர் என்போம். கம்பெனியில் வெட்டித் துளை போட்ட தோல், ஜாப் ஒர்க் எடுப்பவர் வழியாக வீடுகளுக்கு வரும். பெண்கள் மடியில் வைத்துக் கையாலேயே தைத்துக் கொடுப்பார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி.

அத்தையின் நாற்பது பக்க நோட்டைப் பார்த்துத்தான் எனக்கு இந்த யோசனையே வந்தது. இடது பக்கம் வாங்கிய ஜோடி, வலது பக்கம் கொடுத்த ஜோடி. நூல் மெழுகு ஒட்டிய கட்டைவிரல் ரேகை ஒவ்வொரு பக்க ஓரத்திலும் இருக்கும். ஒரு மாதம் பதினெட்டு ஜோடி கணக்கில் விடுபட்டுப் போனது. சரக்கு எடுத்துப்போகிற பையன் மாறிவிட்டான். புதுப் பையன் "என் நோட்டுல இல்லையே அக்கா" என்கிறான். அத்தை அந்தப் பக்கத்தை விரல் வைத்து மூன்று முறை எண்ணினார். அப்புறம் நோட்டை மூடிவிட்டு அடுத்த ஜோடியைக் கையில் எடுத்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

நானும் காட்பாடித் தோழி ஒருத்தியும் அரசுக் கல்லூரியில் படிக்கும் என் சித்தப்பா மகனும் சேர்ந்து ஒரு ஆப் செய்திருக்கிறோம். "நாப்பது ஜோடி வாங்கினேன்" என்று தமிழிலோ உருதுவிலோ பேசினால் போதும், பதிவாகிவிடும். தைப்பவர், ஜாப் ஒர்க் நடத்துபவர் இருவருடைய போனிலும் ஒரே கணக்குத் தெரியும். சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும், பிறகு சேர்ந்துகொள்ளும். இப்போது மூன்று ஜாப் ஒர்க் யூனிட்டுகளில் இதைப் பயன்படுத்துகிறார்கள். இரண்டு பேர் மாதம் 600 ரூபாய் கொடுக்கிறார்கள். மூன்றாமவர் ஐந்து மாதமாக "அடுத்த வாரம்" என்கிறார்.

இனி என் கேள்விகள்.

ஒரு பயிற்சித் திட்டத்தில் எங்களுக்கு ஒரு வழிகாட்டியைக் கொடுத்தார்கள். நாற்பது நிமிடம் வீடியோவில் பேசினார். அமெரிக்காவில் இதற்குச் சந்தை எவ்வளவு என்று கேட்டார். அப்பர் என்றால் என்ன என்று கடைசி வரை அவர் கேட்கவே இல்லை. இன்னொருவர், கம்பெனியில் நூற்றுக்குப் பத்துப் பங்கு எழுதிக் கொடுத்தால் மாதம் ஒருமுறை பேசுகிறேன் என்றார். பார்க்கிறவர்கள் எல்லாரும் "சென்னைக்குப் போயிடுங்க, இங்க ஒண்ணும் நடக்காது" என்கிறார்கள்.

வேலூரில் இருந்தே நடத்த முடியுமா? நிஜமாகவே வழிகாட்டக்கூடிய ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? எங்களைப் போல நாலைந்து பேர் சேர்ந்து கூடிப் பேசினால் பயன் இருக்குமா, அல்லது யோசனை திருடு போய்விடுமா? மனம் தளர்ந்துபோய் எழுதுகிறேன். ஆனால் விட மனமில்லை.


லாட்ஜ் கணக்கு எழுதியது:

தங்கச்சி, ராத்திரி படித்தேன். கடை திறந்ததும் முதல் வேலையாக உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

சென்னைக்குப் போகாதீர்கள். ஊர்ப்பாசத்தில் சொல்லவில்லை. உங்கள் ஆப்பைத் தொடுகிற கை பேர்ணாம்பட்டில் இருக்கிறது, காசு எடுத்துக் கொடுக்கிற கை ஆம்பூரில் இருக்கிறது. இரண்டும் உங்களுக்கு ஒரு பஸ் தூரம். இந்த வசதியை விட்டுவிட்டு அங்கே போய் யாரைப் பார்க்கப் போகிறீர்கள்?

என் கதையைச் சொல்கிறேன், உங்களுக்கு ஏதாவது கிடைக்கும். 2006இல் தோட்டப்பாளையத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து லாட்ஜுகளுக்கு மென்பொருள் எழுதினேன். காந்தி ரோடு பக்கம் போனவர்களுக்குத் தெரியும், கடைப் பலகைகளில் பாதி வங்காள எழுத்தில் இருக்கும். 1900இல் ஐடா ஸ்கடர் அம்மா ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்த சிஎம்சி மருத்துவமனைக்கு இன்று வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளிகள் வருகிறார்கள். அவர்களோடு வருகிறவர்கள் தங்குவதற்கு அந்தத் தெருக்களில் வரிசையாக லாட்ஜ்கள். எல்லாரும் பேரேட்டில்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். நல்ல வியாபாரம் என்று நினைத்து, பெரிய ஓட்டலில் வைத்திருந்த ஒரு மென்பொருளைப் பார்த்து அதே மாதிரி செய்தேன். ரூம் சர்வீஸ், சலவை, எல்லாம் இருந்தது. எட்டு மாதம் உழைத்தேன். பன்னிரண்டு லாட்ஜில் காட்டினேன். ஒருவரும் வாங்கவில்லை.

பதின்மூன்றாவது லாட்ஜில் ஒரு மேனேஜர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மூக்குக்கண்ணாடிக்கு ஒரு பக்கம் காம்பு கிடையாது, நூல் கட்டிக் காதில் மாட்டியிருப்பார். நான் காட்டியதை முழுசாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, ரூம் காலி பண்ற தேதி போடாம உன் மிஷின் உள்ளயே விட மாட்டேங்குது. எங்க லாட்ஜுக்கு வர்றவன் எவனுக்குமே அந்தத் தேதி தெரியாதுப்பா. டாக்டர் சொன்னாத்தான் தெரியும்." பிறகு, "ராத்திரி வந்து கவுண்டர்ல என் பக்கத்துல உக்காரு" என்றார்.

பதினோரு ராத்திரி உட்கார்ந்தேன். ஹவுரா ரயிலில் வந்து இறங்கிய குடும்பம் விடியற்காலை மூன்று மணிக்கு மூட்டையோடு வந்து நிற்கும். அவர்கள் முதலில் கேட்பது அறை வாடகையை இல்லை, அடுப்பும் பாத்திரமும் கிடைக்குமா என்று. வாரக்கணக்கில் தங்குகிறவர்கள், ஓட்டலில் சாப்பிட்டுக் கட்டுப்படியாகாது, அறையிலேயே சமைப்பார்கள். அடுப்பு வாடகை, குக்கர் வாடகை, பாய் வாடகை எல்லாம் தனித்தனிக் கணக்கு. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அதிகாரிகளுக்குச் சி படிவத்தில் கொடுத்தாக வேண்டும் என்பது அப்போதைய விதி. அதை நிரப்ப மேனேஜர் பாஸ்போர்ட்டை விளக்கில் சாய்த்துச் சாய்த்துப் படிப்பார். என் மென்பொருளில் இது எதுவுமே கிடையாது. இருந்தது சலவைக் கணக்கு!

எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். ஒரே ஒரு பொத்தானை அழுத்தினால் அடுப்பு ஏறும். காலி செய்யும் தேதி வெறுமையாகவே இருக்கலாம். சி படிவம் அச்சாகி வெளியே வரும். அவர் கேட்டது ஒன்றே ஒன்று, எழுத்தைப் பெரிதாக்கு என்றார். கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவுக்குப் பெரிதாக்கினேன். அதன் பிறகு அவரே நாலு லாட்ஜுக்கு போன் போட்டு, "நம்ம பையன் வர்றான், பாரு" என்றார். காசு எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. அவர் இப்போது இல்லை. எனக்கு வழிகாட்டி யார் என்று யாராவது கேட்டால் அவரைத்தான் சொல்வேன். அவர் பத்தாம் வகுப்பு தாண்டாதவர்.

அதனால் வழிகாட்டி என்று யாராவது வந்தால் அவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "என்னோடு ஒரு நாள் பேர்ணாம்பட்டு வருவீர்களா, என் அத்தை தைக்கிறதைப் பார்ப்பீர்களா?" வருகிறேன் என்றால் அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். நேரம் இல்லை என்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். மாதம் ஒரு பேச்சுக்குப் பத்துப் பங்கு கேட்டவருக்கு ஒரு பங்குகூடக் கொடுக்காதீர்கள். கூடவே ஓடி உழைக்கிறவராக இருந்தாலும், ஒரு வருடம் இருந்த பிறகுதான் பங்கு சேர ஆரம்பிக்கும் என்று எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

யோசனை திருட்டைப் பற்றிக் கேட்டீர்கள். எனக்கு 2009இல் ஒரு போட்டியாளர் வந்தார். லாட்ஜ் மென்பொருளை நான் எட்டாயிரத்துக்குக் கொடுத்தால் அவர் ஆறாயிரம். நான் ஐந்து, அவர் மூன்று. இரண்டு பேருமே நொடித்துப் போனோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய வாடிக்கையாளர் ஒருவரின் கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, அவரோ கல்யாணத்துக்குத் திருப்பதி போயிருந்தார். லாட்ஜ்காரர் என்னைக் கூப்பிட்டார். போய் இருந்ததை மீட்டுக் கொடுத்தேன். மறுநாள் அந்தப் போட்டியாளர் என் கடைக்கு வந்து வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குப் பேசி முடித்தோம்: லாட்ஜ் எனக்கு, மருந்துக்கடையும் ரத்தப் பரிசோதனைக் கூடமும் அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை போன்களை ஒருவர் மாற்றி ஒருவர் எடுப்பது. இன்று வரை அப்படித்தான். எங்கள் இருவர் வீட்டிலும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு நிம்மதியாக நடக்கிறது.

நம் பக்கத்து ஆட்களுக்குச் சேர்ந்து செய்வது புதிது இல்லை. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீர் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததே, அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். சுத்திகரிப்பு நிலையம் தனியாகக் கட்டிக்கொள்ளச் சிறிய தொழிற்சாலைகளுக்கு வசதி ஏது? ராணிப்பேட்டையிலும் வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பலர் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வைத்துச் செலவைப் பகிர்ந்துகொண்டார்கள். பாலாறு பட்ட பாட்டுக்கு அது ஈடாகாது, அந்தக் கோபம் எனக்கு இன்னும் உண்டு. ஆனால் ஒருவரால் தாங்க முடியாத செலவைப் பத்துப் பேர் தாங்கலாம் என்பதை நம் மண்ணில் கண்ணால் பார்த்திருக்கிறோம். நமக்கும் அப்படிப் பகிரக் கூடியவை நிறைய இருக்கின்றன. சர்வர் செலவு, உருது மொழிபெயர்க்க ஒரு ஆள், படம் வரைய ஒரு ஆள், ஆடிட்டர். ஒரு நல்ல போட்டோகிராபர்கூட.

கூடிப் பேச என் கடை மாடி இருக்கிறது. சனிக்கிழமை நாலு மணிக்கு மேல் காலி. எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். மேடை, பொன்னாடை, பேனர் எதுவும் வேண்டாம். வருகிறவர் ஒவ்வொருவரும் அந்த மாதம் எங்கே சிக்கிக்கொண்டாரோ அந்த ஒன்றைக் கொண்டுவர வேண்டும், எண்ணோடு கொண்டுவர வேண்டும். "வியாபாரம் சுமார்" என்று சொல்லக் கூடாது, "மூன்று பேரில் ஒருவர் ஐந்து மாதமாகக் காசு தரவில்லை" என்று நீங்கள் எழுதினீர்களே, அப்படி. அதைக் கேட்டால்தான் எதிரில் இருப்பவரால் ஏதாவது சொல்ல முடியும்.

டீ என் பொறுப்பு.


சத்துவாச்சாரி வரவு செலவு எழுதியது:

நான் ஜிஎஸ்டி, கணக்கு வேலை பார்க்கிறேன். லாட்ஜ் கணக்கு அண்ணன் மனிதர்களைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் காகிதங்களைப் பற்றிச் சொல்கிறேன்.

உங்கள் தொழில் எந்த வடிவில் பதிவாகியிருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. தனிநபர் பெயரில் நடத்தினால் மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் கிடைக்காது. பிரைவேட் லிமிடெட், எல்எல்பி (பொறுப்பு வரம்புள்ள கூட்டாண்மை), பதிவு செய்த கூட்டாண்மை போன்றவற்றுக்குத்தான் கிடைக்கும். ஆனால் அவசரப்பட்டு இன்றைக்கே கம்பெனி பதிவு செய்துவிடாதீர்கள் என்றும் சொல்வேன். 2021இல் வந்த மத்திய விதை நிதித் திட்டத்தில் மாதிரி செய்து பார்க்க 20 லட்சம் வரை மானியம் கொடுத்துவந்தார்கள். அதற்கு விண்ணப்பிக்கும்போது கம்பெனி பதிவாகி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்று விதி இருந்தது. ஆர்வத்தில் முதல் மாதமே பதிவு செய்துவிட்டு, பொருள் தயாராகும்போது அந்தக் கெடு முடிந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்கே வயிறு எரிந்தது. அந்தப் பணத்தை டெல்லியில் இருந்து நேராகத் தரவும் இல்லை, புது நிறுவனங்களை வளர்த்துவிடும் இன்குபேட்டர்கள் வழியாகத்தான் வந்தது. திட்டம் இப்போது நடக்கிறதா என்று பார்த்துவிட்டு, விண்ணப்பிக்கும் முன் அந்த வருடத்து விதிகளைப் படித்துவிடுங்கள்.

நம் ஊரிலேயே விஐடி வளாகத்தில் 2003 முதல் ஒரு தொழில்நுட்ப இன்குபேட்டர் இருக்கிறது. ஒரு நாள் நேரில் போய்ப் பேசுங்கள். மாநில அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் நடத்தும் டான்சீட் திட்டத்தில் பொதுவாக 10 லட்சம், பெண்கள் நடத்தும் நிறுவனத்துக்கு 15 லட்சம் வரை என்று கொடுத்துவந்திருக்கிறார்கள். பதிலுக்கு ஒரு சிறு பங்கு எடுத்துக்கொள்வார்கள், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து மாதமாகக் காசு தராதவரைப் பற்றி. சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு செய்துவிட்டீர்களா? இல்லை என்றால் இன்றே செய்யுங்கள். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போதும், பைசா செலவில்லை. காசு கேட்கும் இணையதளங்களிடம் ஏமாறாதீர்கள். அந்தப் பதிவுக்குப் பிறகு நீங்கள் போடும் பில்லுக்குச் சட்டத்தின் துணை உண்டு. ஒப்பந்தம் எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது, எழுதாவிட்டால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. இதற்கான அரசு இணையதளத்தில் புகார் போடலாம். மூன்று வாடிக்கையாளரில் ஒருவர் மேல் புகார் போடச் சொல்லவில்லை. மாதாமாதம் முறையாக பில் அனுப்புங்கள், பில்லிலேயே கடைசித் தேதியை அச்சடியுங்கள். பல பேர் காசு தராததற்குக் காரணம் கையில் பில்லே வராததுதான்.

ஆப்பின் பெயருக்கு டிரேட்மார்க் போட்டுவிடுங்கள். தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனங்களுக்கு இணையத்தில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. இன்னொன்று, தைக்கிற பெண்களின் பெயர், போன் எண், கூலி எல்லாம் உங்கள் கையில் இருக்கிறது. 2023இல் இதற்கென்றே தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. அவர்களுக்குப் புரிகிற மொழியில் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். குரலிலேயே வாங்கலாம், உங்கள் ஆப்பில்தான் அந்த வசதி இருக்கிறதே.

சனிக்கிழமை நானும் வருகிறேன்.


காட்பாடி டு கண்டோன்மென்ட் எழுதியது:

நானும் வேலூர்க்காரன்தான், பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் விற்பனைப் பிரிவில் பன்னிரண்டு வருடம். ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணனிடமிருந்து மாறுபடுகிறேன்.

இப்படிப் பேச்சு வந்தால் எல்லாரும் தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஜோஹோ அலுவலகம் வைத்ததைச் சொல்வார்கள். ஜோஹோ 1996இல் தொடங்கி, சென்னையில் வேர் பிடித்து, காசு வர ஆரம்பித்த பிறகு 2011இல் அங்கே போனது. மூன்று பேர் கம்பெனிக்கு அதை அளவுகோலாக வைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஊரில் இருங்கள், ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வெளியே போய் உங்களைவிட நாலு படி மேலே இருப்பவர்களைப் பாருங்கள். சென்னையில் தொடங்கிய சாஸ்பூமி என்ற நிறுவனர்கள் அமைப்பில் கம்பெனி நடத்துபவர்களே கம்பெனி நடத்துபவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். விலை வைப்பது, ஆள் எடுப்பது, விட்டுப்போன வாடிக்கையாளர் என்று திறந்து பேசுவார்கள். பேர்ணாம்பட்டைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது. 600 ரூபாய் ஏன் குறைவு என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆட்களைப் பொறுத்தவரை, நீங்கள் பழக்கிவிடும் பையன்களில் பாதிப் பேர் காட்பாடியில் ரயில் ஏறத்தான் செய்வார்கள். நானும் ஏறியவன்தான். விழுப்புரத்து லினக்ஸ் பயனர் குழுவினர் கிராமப்புற மாணவர்களுக்குப் பல வருடமாக இலவசமாகக் கற்றுக்கொடுக்கிறார்கள். காஞ்சிபுரத்துக் குழு வாராவாரம் கூடிப் பேசுகிறது. படித்தவர்கள் வெளியூர் போனால் போகட்டும் என்று கற்றுக்கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள், அதனால்தான் அங்கே அடுத்த செட் எப்போதும் தயாராக இருக்கிறது. அந்த மனசு நமக்கும் வேண்டும்.

என்னால் முடிந்தது: புதன்கிழமை இரவு எட்டரை முதல் ஒரு மணி நேரம், வீடியோவில். பங்கு வேண்டாம், காசு வேண்டாம். முதல் கூட்டத்துக்கு லால்பாக் ரயிலைப் பிடித்து நேரில் வருகிறேன், பேர்ணாம்பட்டுக்கும் வருகிறேன்.


ஆம்பூர் ஜாப் ஒர்க் எழுதியது:

அம்மா, என் தங்கை மகன் இந்தப் பக்கத்தை அனுப்பிப் படிக்கச் சொன்னான். நான் முப்பது வருடமாக ஜாப் ஒர்க் எடுத்து வீடுகளுக்குக் கொடுத்து வாங்குகிறவன். உங்கள் ஆப்பைப் போல ஒன்றை எனக்கும் யாரோ காட்டினார்கள், ஒருவேளை உங்கள் தோழியாகவே இருக்கலாம். வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஏன் என்று அப்போது சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

நீங்கள் வாங்கியது இவ்வளவு, கொடுத்தது இவ்வளவு என்று இரண்டு எண் வைத்திருக்கிறீர்கள். எங்களுக்கு மூன்றாவது எண் ஒன்று உண்டு, ரிஜெக்ட். நூறு ஜோடி கம்பெனிக்குப் போனால், எட்டு ஜோடி இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வரும். தையல் தளர்வு என்று சில, துளை கிழிந்தது என்று சில, தோலிலேயே தழும்பு என்று சில. தோல் தழும்புக்குத் தைத்த அம்மா என்ன செய்வார்? ஆனால் கம்பெனி எட்டையும் என் கணக்கில்தான் கழிக்கும். அதை நான் யார் கணக்கில் கழிப்பது? உங்கள் ஆப்பை வைத்தால் தைத்தவர் போனில் நூறு என்று நிற்கும், என் கையில் தொண்ணூற்றிரண்டுக்குத்தான் காசு இருக்கும். சண்டை எனக்கும் அவர்களுக்கும் நடுவில்தான் வரும். அந்த மூன்றாவது ஆள், ஐந்து மாதமாகக் காசு தராதவர், அவருக்கும் இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். முகத்துக்கு நேரே சொல்லச் சங்கடப்படுகிறார்.

எந்த லாட்டில், அதாவது எந்தத் தடவை வந்த சரக்கில், எந்தக் காரணத்துக்காக, எத்தனை ஜோடி திரும்பியது என்று படத்தோடு காட்ட முடியுமா? அப்படிக் காட்டினால் தழும்புத் தோலை நான் கம்பெனியிடம் காட்டி, இது எங்கள் தப்பு இல்லை என்று பேசலாம். அந்தக் காசு வந்தால் தைத்தவர்களுக்கும் வரும். உங்கள் அத்தையின் பதினெட்டு ஜோடியிலும் இப்படிச் சில இருந்திருக்கலாம், யோசித்துப் பாருங்கள். பெண்களை ஏமாற்ற வேண்டும் என்று எல்லாரும் செய்வதில்லை, அம்மா. சிலர் செய்கிறார்கள், அதையும் மறைக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை முடிந்து மூன்று மணிக்கு மேல் வாருங்கள். ரிஜெக்ட் மூட்டையைப் பிரித்துக் கீழே கொட்டிக் காட்டுகிறேன். உங்கள் அத்தையையும் கூட்டி வாருங்கள். சாப்பிட்டுவிட்டு வர வேண்டாம்.


குடியாத்தம்காரி எழுதியது:

எல்லாருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத வேண்டும் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை ஆம்பூர் போய் வந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

பாய், நேரில் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன், நீங்கள் மூட்டையைப் பிரித்துக் கொட்டிய பிறகுதான் நாங்கள் இத்தனை மாதம் பாதிக் கணக்கை வைத்துக்கொண்டு முழுக் கணக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தோம் என்று புரிந்தது. அத்தை தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு ஜோடியாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். முப்பத்தொரு ஜோடி. "இது நூலு தளர்ந்தது, தச்சவங்க தப்பு. இது தோலு. இதுவும் தோலு. இது துளை போட்ட எடமே தப்பு, ஊசி எங்க போவும்?" என்று பிரித்து நாலு குவியலாக வைத்தார். பாய் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. என் தம்பி எல்லாவற்றையும் போனில் படம் எடுத்தான். அந்த நாலு குவியல்தான் ஆப்பில் நாலு பொத்தானாக வருகிறது. பெயர்களும் அத்தை சொன்னவையே. வீடு திரும்பும்போது பஸ்ஸில் அத்தை என்னிடம், "அடுத்த வாரமும் கூப்பிட்டா வரேன்" என்றார். இத்தனை வருடத்தில் அவர் கண்ணுக்குத் தோல் தெரியும் என்று யாரும் கேட்டதில்லை.

மூன்றாவது யூனிட்காரரிடம் காசு கேட்காமல், ரிஜெக்ட் எவ்வளவு வருகிறது என்று மட்டும் கேட்டேன். அரை மணி நேரம் பேசினார். இரண்டு மாதக் காசு கொடுத்தார், மீதிக்கு பில் அனுப்பச் சொன்னார். உத்யம் பதிவு முடித்துவிட்டேன் அக்கா, நீங்கள் சொன்னபடி ஒரு பைசா செலவாகவில்லை. கம்பெனி பதிவைப் பற்றிச் சனிக்கிழமை உங்களிடம் உட்கார்ந்து பேச வேண்டும்.

பெங்களூர் அண்ணா, 600 ரூபாயை என்ன செய்வது என்பதுதான் நான் கூட்டத்துக்குக் கொண்டுவரப் போகும் ஒன்று. லாட்டுக்கு இவ்வளவு என்று வைக்கலாமா என்று யோசிக்கிறேன். தைப்பவர்களிடம் எந்தக் காலத்திலும் காசு வாங்கக் கூடாது என்று மூவரும் முடிவு செய்துவிட்டோம், அதில் மாற்றம் இல்லை.

லாட்ஜ் கணக்கு அண்ணா, இதுவரை ஏழு பேர் வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். ராணிப்பேட்டையில் இயந்திர உதிரிபாகங்களை இணையத்தில் விற்கும் ஒருவர், இலவம்பாடி முள்ளுக்கத்தரியை நேராக வீடுகளுக்கு அனுப்பும் இரண்டு பேர், மேல்விஷாரத்தில் உருதுத் தட்டச்சுச் செய்யும் ஒரு அக்கா. எட்டாவது இடத்துக்கு அத்தையைக் கூட்டி வரலாமா? மாடிப்படியில் கைப்பிடி இருக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள். எங்களுக்குக் குடியாத்தம் பஸ் பிடிக்க வேண்டும், ஏழு மணிக்குள் முடித்துக்கொள்ளலாம்.